ஏரிக்கரையில் சொந்த வீடு உள்ளவர்கள்

தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு ஏரியை ஒட்டி எழும்பிய நகர் ஒன்றின் குடியிருப்போர் நலச் சங்கம் போட்ட ஆண்டு மலர் ஒன்று என் கைக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தது எங்கம்மா. அந்த நகரில் மூணு வீட்டுல பாத்திரம் தேய்க்குது. ஒரு வீட்டில் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட வைத்திருந்ததை, "பளபளன்னு இருக்கு, நீதான் எதையாவது படிச்சிக்கிட்டே கெடப்பியே" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டது. ஊர்ப் பேரையும் சங்கத்தின் பேரையும் நான் எழுதப் போவதில்லை. இது புகார் மனு அல்ல. புகார் மனு வேறு கொடுத்திருக்கிறோம், அது கலெக்டர் ஆபீசில் தூங்குகிறது. இது இலக்கிய விமர்சனம். சிரிக்க வேண்டாம்.

தமிழ் எம்.ஏ. படித்த காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த திறனாய்வு, நாவலுக்கும் கவிதைக்கும் மட்டுமே ஆனது. சங்க அறிக்கை, மினிட் புத்தகம், மீன் ஏல நோட்டீஸ், திருவிழா வரவுசெலவுத் தாள் எல்லாம் பிரதி ஆகாது என்பது அங்கே எழுதப்படாத விதி. ஆனால் யார் எந்தத் துறையில் இறங்கலாம், யார் எந்தக் கரையில் நடக்கலாம் என்பதை நாவலா முடிவு செய்தது? இந்த மாதிரித் தாள்கள்தான் முடிவு செய்தன. ஆதிக்கச் சாதிகளின் உண்மையான உரைநடை இங்கேதான் இருக்கிறது. நாவலில் கொஞ்சம் கூச்சப்பட்டு எழுதுவதை அறிக்கையில் கூச்சமில்லாமல் எழுதிவிடுகிறார்கள்.

மலரில் என்ன இருக்கிறது? முதல் பக்கம் பிள்ளையார். அப்புறம் நகைக்கடை விளம்பரம். வாழ்த்துரைகள். செயலாளர் அறிக்கை. பொங்கல் கோலப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள், பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள், கரையில் மரக்கன்று நட்ட படங்கள், கேமரா பொருத்திய செய்தி, நீத்தார் அஞ்சலி. நடுவில் 'நம் ஏரியின் கதை' என்று 4 பக்கக் கட்டுரை. கடைசியில் கட்டம் கட்டி 'அன்பான வேண்டுகோள்'. அதில் மூன்றாவது: வெளியாட்கள் ஏரியில் துணி துவைப்பதும் ஆடு மாடு குளிப்பாட்டுவதும் கரைப்பாதையைப் பயன்படுத்துவதும் தவிர்க்கப்பட வேண்டும். செயப்பாட்டு வினையைக் கவனியுங்கள். யார் தவிர்க்கணும் என்பது வெளிப்படை. யார் சொல்லுகிறார்கள் என்பதுதான் வினையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது.

'வெளியாட்கள்' என்ற சொல்லில்தான் என் வாசிப்பு நின்றுபோனது. எங்க தெரு ஏரியின் கடைமடைப் பக்கம் இருக்கிறது. நகர் வந்து 30 வருஷம்கூட ஆகவில்லை. நகர் இருக்கும் இடம் முன்னே அந்த ஏரித் தண்ணியில் ஒருபோகம் விளைந்த நஞ்சை. அதில் நாற்றுப் பறித்தது எங்க அப்பாயி. அந்த வயலை மிராசுதார் வீட்டுப் பேரன்கள் மனை போட்டு விற்றார்கள். வாங்கியவர்கள் வந்தார்கள், வீடு கட்டினார்கள், சங்கம் வைத்தார்கள், நாங்கள் வெளியாட்கள் ஆனோம். சொல்லிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது பாருங்கள். அவர்கள் மனை போட்டால் 'நகர்'. அரசாங்கம் நமக்கு மனை கொடுத்தால் 'காலனி'. வெள்ளைக்காரன் விட்டுப்போன ஒரே சொல் தமிழில் சேரிக்கு மறுபெயர் ஆகிவிட்டது. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்லது. பஸ் கண்டக்டர் இன்னும் "காலனியெல்லாம் எறங்கு" என்றுதான் குரல் கொடுக்கிறார்.

'நம் ஏரியின் கதை'க்கு வருவோம். எழுதியவர் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். சோழர் நீர் மேலாண்மையில் தொடங்கி, உத்திரமேரூருக்குப் போய், ஏரி வாரியத்தைச் சொல்லி, "அந்த மரபின் வாரிசுகள் நாம்" என்ற தொனியில் சங்கத்தில் கொண்டுவந்து முடிக்கிறார். இந்த உத்திரமேரூரை நாம் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்தோம், மேடையில் கேட்டோம். 2020 டிசம்பரில் புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அதைச் சொன்னார். குடவோலை, ஜனநாயகம், உலகுக்கே வழிகாட்டி.

அந்தக் கல்வெட்டு என்னதான் சொல்கிறது? முதலாம் பராந்தகன் காலத்தில் 919இலும் 921இலும் வெட்டிய இரண்டு தீர்மானங்கள். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலை எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லி வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். ஓலையில் பேர் எழுதப்படவே தகுதி வேண்டும்: இறை கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், இரண்டாம் தீர்மானப்படி வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலம் குறைந்தால் வேதப் படிப்பைக் கூட்டிச் சரிக்கட்டிக்கொள்ளலாம். படிப்பு குறைந்தால்? வேலை குறைந்தால்? மண் சுமந்தவன் அதை வைத்து எதையும் சரிக்கட்டிக்கொள்ள அங்கே வழி இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவுக்காரர்களையும் அந்தக் கல்வெட்டு வாரியத்தில் சேர்க்காதே என்கிறது. இதை இன்றைக்கு அமுல்படுத்தினால் எத்தனை சங்கம் மிஞ்சும் என்று தெரியாது. ஆனாலும் பெரியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், அவரே அறியாமல். சொந்த மனையில் சொந்த வீடு உள்ளவன் மட்டும் ஏரியைப் பற்றிப் பேசலாம் என்பது 1100 வருஷ மரபு. அவர் சங்கம் அதன் வாரிசுதான். நாம் மறுக்கவில்லை.

கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு ஓலை எடுக்கும் பிள்ளைகூட வருகிறது. ஏரி வெட்டியவன் வரவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வாருங்கள், அங்கே நாம் வருகிறோம். ராசராசன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களைப் பட்டியல் போட்ட கல்வெட்டுகளில், இறை இல்லாத இடங்கள் என்று கழித்துக் காட்டும் இடத்தில் வருகிறோம். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி. சில ஊர்களில் சுடுகாடு தனி, பறைச்சுடுகாடு தனி. செத்தபிறகும் எரிய வேண்டிய இடம் வேறு என்பதைக் கல்லில் வெட்டிக் கோயில் சுவரில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சுடுகாட்டுக்கு எந்தப் பாதையில் போனார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. எங்க ஏரியில் இப்போது அதுதான் தகராறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

மலரின் 4 பக்கக் கதையில் ஒரே ஒரு வாக்கியம் எங்களைப் பற்றி இருக்கிறது. 1977 நவம்பர் புயலில் கரை உடைய இருந்தபோது ஊர்மக்கள் ஒன்றுதிரண்டு காப்பாற்றினார்களாம். 'ஊர்மக்கள்' என்ற சொல் எவ்வளவு வசதியான சொல்! தஞ்சாவூர்ப் பக்கத்தில் 'ஊர்' என்றால் சேரி சேராது. ஊர் வேறு, தெரு வேறு. கோயில் வரி வாங்கும்போது, தேர் வடம் தொடும்போது, ஊரில் நாங்கள் இல்லை. கரை உடையும்போது மட்டும் ஊர்மக்கள். அன்றைக்கு எங்கப்பாவுக்கு 20 வயசு. ராத்திரி தப்புச் சத்தம் கேட்டு ஆம்பளைங்க எல்லாம் மம்புட்டியோட ஓடினதாகச் சொல்லும். வைக்கோல் பிரி, பனைமட்டை, மணல் மூட்டை, கடைசியில் எதுவும் நிக்காமல் போனபோது ஆளோடு ஆள் கைகோத்து உடைப்பில் நின்னாங்களாம், முதுகில் மண்ணைக் கொட்டச் சொல்லி. "குடியானத் தெரு ஆளுங்க எங்கப்பா நின்னாங்க?" என்று கேட்டேன். "அவுங்க கரை மேல லாந்தர் புடிச்சாங்க" என்றது. வெளிச்சமும் வேணும்தானே.

இந்தத் 'திரண்டு' என்ற சொல்லுக்கும் ஒரு சட்டம் இருந்தது. 1858இல் மதராஸ் மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட்டார்கள். ஏரிக்கோ ஆற்றுக்கோ உடைப்பு அபாயம் என்றால், சுற்றுவட்டாரத்தில் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த திடகாத்திரமான ஆண்களை ஊர்த் தலைவர்கள் வேலைக்கு இழுக்கலாம். அதே சட்டம் குடிமராமத்து வழக்கத்தையும் உள்ளே கொண்டுவந்தது. தன் பங்கு ஆளை அனுப்பாத மிராசுதார் இரட்டிப்புப் பணம் கட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நிலம் உள்ளவனுக்கு அது பணப்பாக்கி. நிலம் இல்லாதவனுக்கு அது உடம்பு. 'குடிமராமத்து' என்றால் ஊரே கூடிச் செய்த பழந்தமிழ்க் கூட்டுறவு என்று நம்ம சுற்றுச்சூழல் நண்பர்கள் கண்ணீர் மல்க எழுதுகிறார்கள். குடி யார், மராமத்து செய்தது யார் என்று அவர்களைக் கேட்க வேண்டும். மிராசுதார் அனுப்பிய 'ஆள்' அவருடைய பண்ணையாள்.

அந்தப் பண்ணையாளின் வீடு எங்கே இருந்தது? இதுதான் நம்ம விஷயத்தின் மையம். வீடு மிராசுதார் மனையில் இருந்தது. கூலி கூடக் கேட்டால் முதல் அடி வயிற்றில் விழாது, கூரையில் விழும். "மனையைக் காலி பண்ணு." 1944இல் மன்னார்குடியில் நடந்த பேச்சுவார்த்தையில் சவுக்கடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட்டன. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் குடியிருந்த மனையைக் குடியிருந்தவனுக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது. உத்திரமேரூருக்கு 1050 வருஷம் கழித்து. அதற்கு மூணு வருஷத்துக்கு முன்னாலே வெண்மணி எரிந்துவிட்டது.

வெண்மணியை இங்கே இழுக்கக் காரணம் உண்டு. தஞ்சை மாவட்டத்தின் இலக்கிய விமர்சகர்கள் சங்கம் என்றால் செங்கொடிச் சங்கத்தை மட்டும் பேசுகிறார்கள். எதிர்ப்பக்கமும் ஒரு சங்கம் இருந்தது. நெல் உற்பத்தியாளர் சங்கம். நெல்லை உற்பத்தி செய்தவர்கள் யாரும் அதில் உறுப்பினர் இல்லை, உடைமையாளர்கள்தான் உறுப்பினர். பேரிலேயே ஒரு திருட்டு. அவர்களுக்கும் கூட்டம், தீர்மானம், கொடி, சந்தா எல்லாம் இருந்தன. செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் சங்கத்துக்கு வா என்பது அவர்களின் 'அன்பான வேண்டுகோள்'. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். சங்கத்தின் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்குக் கீழ்க் கோர்ட்டு தண்டனை கொடுத்தது, மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனுஷர்கள் நடந்துபோய் இப்படிச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நலச் சங்க உறுப்பினர்கள் கெட்டது செய்ய மாட்டார்கள் என்ற பொதுப்புத்திக்குச் சட்ட அந்தஸ்து அன்றைக்குக் கிடைத்தது.

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வந்தது, 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அந்த நாவல் மீது பழைய விமர்சனம் ஒன்று உண்டு: கண்ணையா நாயுடுவின் ஆண்மைக் குறையை அத்தனை பெரிதாக்கியதால் கூலிப் போராட்டம் சிறுத்துவிட்டது என்று. சரியான விமர்சனம். நான் அதோடு ஒன்று சேர்ப்பேன். நாவலுக்குள் ஒரு தனி மனுஷனின் வக்கிரம் இருக்கிறது, ஒரு சங்கத்தின் நிதானம் இல்லை. வெண்மணியைச் செய்தது கோளாறு பிடித்த ஒரு மனம் என்றால் நமக்குப் பயமில்லை, அந்த ஆளோடு போய்விடும். கூட்டம் போட்டு, மினிட் எழுதி, டீ குடித்து, கலைந்து போன சாதாரண மனுஷர்களைப் பற்றித்தான் நாவல் வந்திருக்க வேண்டும். டெல்லியிலிருந்து வந்த கோபாலின் கண் வழியாகப் பார்த்ததால் அந்தச் சாதாரணம் கிடைக்கவில்லை. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' (1999) வெளியூர்க் கண்ணை விட்டுவிட்டு வயலிலிருந்து தொடங்குகிறது, அது பெரிய வித்தியாசம். ஆனாலும் அங்கேயும் எதிர்த்தரப்புச் சங்கத்தின் உள்ளே நாம் போகவில்லை.

காவிரி இலக்கியம் என்றால் படித்துறை இலக்கியம். தி.ஜானகிராமனின் பக்கங்களில் ஆறு எவ்வளவு அழகாக ஓடுகிறது! சிட்டியோடு சேர்ந்து அவர் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யை (1971) நான் மூணு தடவை படித்திருக்கிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரசித்துத்தான் படித்தேன். ஆனால் நான் ஆற்றைப் பார்த்துப் பழகியது படித்துறையிலிருந்து அல்ல, அதற்குக் கீழே மாடு இறங்கும் சரிவிலிருந்து. அங்கிருந்து பார்த்தால் கோபுரம் தெரியாது. மேலே குளித்தவர்களின் சோப்பு நுரைதான் முதலில் வரும். இந்தக் கோணத்திலிருந்து ஒரு காவிரி நூல் எழுதப்படாமல் இருக்கிறது. தி.ஜா. எழுதவில்லை என்று அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது, எழுத வேண்டியது நாம்.

ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் கோர்ட்டுக்கே போன கதை ஒன்று உண்டு, நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதில்லை. மகாத் சௌதார் குளம். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் போய் மக்கள் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். குளம் நகராட்சியுடையது, எல்லோருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சி ஏற்கெனவே தீர்மானமும் போட்டிருந்தது. குளத்தைச் சுற்றிச் சாதி இந்துக்களின் வீடுகள். குளத்தைப் பஞ்சகவ்வியம் ஊற்றிச் சுத்தம் செய்தார்கள் என்பதோடு நாம் கதையை நிறுத்திவிடுகிறோம். அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் நவீனமானது. 1927 டிசம்பரில் வழக்குப் போட்டார்கள்: இது பொதுக் குளமல்ல, எங்கள் சொந்தச் சொத்து மாதிரி. அது நிற்காமல் போனபோது, தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்றார்கள். 10 வருஷம் இழுத்து 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம், அப்படித் தொன்றுதொட்ட வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று தள்ளியது. பஞ்சகவ்வியம் ஊற்றிய கை அடுத்து வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறது. தீட்டு என்ற சொல் சொத்து என்ற சொல்லாக மாறும் இடம் அது. மலரில் வரும் 'சுகாதாரம்', 'பாதுகாப்பு' இரண்டும் அந்தச் சொல்லின் பேரப்பிள்ளைகள்.

நம்ம அரசாங்கமும் அந்த வழியில்தான் சட்டம் எழுதுகிறது. 2000ஆம் வருஷப் பாசன மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை உண்டாக்கியது. பேர் நீரைப் பயன்படுத்துவோர், வாசல் நிலம். அந்த ஏரியில் குளிக்கிற, மீன் பிடிக்கிற, மாடு கழுவுகிற, கோரை அறுக்கிற ஜனம் நீரைப் பயன்படுத்துவோர் கணக்கில் வராது. 2017 மார்ச்சில் 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளோடு குடிமராமத்து மறுபடி தொடங்கியபோது ஆயக்கட்டுதாரர்கள் 10 சதவீதப் பங்கு, பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ, தர வேண்டும் என்றார்கள். உழைப்பாகத் தரும் பங்கை யார் உடம்பு தந்தது என்று யாராவது தணிக்கை செய்தார்களா?

இன்னொரு ஜோடிச் சட்டம். 2007இல் ஏரிகளைப் பாதுகாக்க, ஆக்கிரமிப்பை அகற்ற ஒரு சட்டம். 2017இல் அனுமதியில்லாமல் போட்ட மனைப்பிரிவுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த விதிகள். கரைச் சரிவில் குடிசை போட்டிருந்த எங்க தெருவின் 11 குடும்பங்களுக்கு முதல் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் வந்தது. நஞ்சையை மனையாக்கிய நகருக்கு இரண்டாவது விதியின் கீழ் ரசீது வந்தது. ஒரே ஏரி. இந்தப் பக்கம் 'ஆக்கிரமிப்பு', அந்தப் பக்கம் 'வரன்முறை'. தமிழ் அகராதியில் இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு தூரமான இரண்டு சொற்களை நான் பார்த்ததில்லை.

இனி அந்தப் பாதை. எங்க தெரு சுடுகாடு ஏரியின் வடக்கே இருக்கிறது. பொணம் கரை மேல்தான் போகும், என் தாத்தா போனார், அப்பாயி போச்சு. மூணு வருஷத்துக்கு முன்னே சங்கம் கரையைச் சமன் செய்து நடைப்பயிற்சிப் பாதை போட்டது, பெஞ்சு வைத்தது, வடகோடியில் இரும்பு கேட் போட்டது. செயலாளர் அறிக்கையில் இது சாதனை எண் 4. போன ஐப்பசி மழையில் எங்க பெரியப்பா செத்துப்போனார். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் எங்க தெருப் பையன்தான். "சித்தப்பா, சாவி என்கிட்ட இல்ல, செயலாளர் சார்கிட்ட" என்று அழாக்குறையாகச் சொன்னான். செயலாளர் பெங்களூரில் மகள் வீட்டில். போன் எடுத்தவர், "ரெண்டு நாள் கழிச்சு வர்றேன், அப்ப பேசிக்கலாம்" என்றார். பொணத்திடம் இதை எப்படிச் சொல்வது? கீழே வயலில் முழங்கால் சேற்றில் பாடையைத் தூக்கிக்கொண்டு போனோம், நடவு மிதிபட்டதுக்கு மறுநாள் வயல்காரரிடம் ஏச்சும் வாங்கினோம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனு இன்றுவரை விசாரணையில் இருக்கிறது. யாரும் எங்களை அடிக்கவில்லை. யாரும் சாதிப் பேர் சொல்லித் திட்டவில்லை. வன்கொடுமைச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று வக்கீல் தோழர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். பொதுப் பாதையை மறிப்பதற்குப் பிரிவு இருக்கிறது, ஆனால் பாதை பொதுப் பாதை என்று முதலில் நாம்தான் நிரூபிக்க வேண்டும் என்கிறார். மகாத்தில் அவர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது, இங்கே நாம்.

இதை எழுதிக்கொண்டிருந்த ராத்திரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மலரைப் புரட்டியது. அதற்குப் படிக்கத் தெரியாது, படம் பார்க்கும். கோலப் போட்டிப் படத்தைப் பார்த்து, "இந்தம்மா கோலம் நான் போட்டுக் குடுத்தது" என்றது. 'ஏரி தூர்வாரும் பணி' என்று ஒரு முழுப்பக்கப் படம். முன்னால் மண்வெட்டியைப் பிடித்தபடி வெள்ளைச் சட்டையில் 6 பேர், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கீழே அவர்கள் பேரும் பதவியும் வரிசையாக. பின்னால், போகஸ் இல்லாமல், தலையில் கூடையோடு பெண்கள். அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு விரலை வைத்து எண்ணியது. "இது பெரியம்மா. இது மேலண்டை வீட்டு மருமக. இது செத்துப்போச்சே, மஞ்சக்காமாலையில. இது நாந்தான், முக்காடு போட்டிருக்கேன் பாரு." மொத்தம் 9 பேர். 9 பேருக்கும் பேர் சொன்னது. நான் பென்சிலால் படத்துக்குக் கீழே, வெள்ளைச் சட்டைக்காரர்களின் பேர்களுக்கு அடியில், இடமிருந்து வலமாக எழுதி வைத்திருக்கிறேன்.